கொடித்தோடை வாசம்

2025 ஜூன் 8

அக்காவும் அத்தானும் மெல்பேர்னிலிருந்து வந்து இறங்கினார்கள். பெட்டியில் எனக்கென்று இரண்டு வெள்ளித்தாள் பொதிகள். ஒவ்வொன்றிலும் 100 கிராம் ஹொப்ஸ், பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற பொருள், கலக்ஸி என்ற இனம். ஹொப் கொடியின் பெண்பூவைக் காயவைத்து அரைத்து அழுத்தியது, பார்வைக்குப் பச்சைக் கோழித்தீன் மாதிரி. ஒரு குறுணியை உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் நசுக்கித் தேய்த்தேன். முதலில் வெட்டின புல்லின் மணம்தான் வந்தது. கைச்சூடு ஏற ஏறப் பழுத்த கொடித்தோடையை (பஷன் புரூட்) பிளந்த மாதிரி ஒரு வாசம். இரண்டு தரம் கைகழுவியும் போகவில்லை.

அத்தான் அங்கே கராஜில் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்சுகிறவர். இங்கே இலங்கையில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் கலால் குற்றம். எனக்கு அந்த மதுசாரம் தேவையும் இல்லை, வாசம்தான் வேணும். அதனால் ஹொப் தண்ணீர், அதாவது ஹொப்பை வெறும் தண்ணீரில் ஊறவைத்து வடித்த பானம், செய்யப் போகிறேன். சோடா கலந்தால் அம்மாவும் குடிப்பா.

ஜூன் 9

கச்சான் காற்று, வரண்ட தென்மேல் காற்று. திருகோணமலை உப்புவெளியில் பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. விறாந்தையில் இருந்து அத்தானிடம் துருவித் துருவிக் கேட்டேன்.

“கசப்பு வேற, வாசம் வேற மச்சான். இரண்டும் ஒரே பூவில இருக்கு, ஆனா இரண்டுக்கும் இரண்டு பக்குவம்,” என்றார். ஹொப்பில் இருக்கும் அல்பா அமிலங்கள் நன்றாகக் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பாகும், அதற்கு ஒரு மணித்தியாலம் விடுவார்கள். வாசம் எண்ணெயில் இருக்கிறது. அது ஆவியோடு எழும்பிப் போய்விடும்.

அவர் 20 லீற்றர் காய்ச்சினால் கொதியில் போடுவது ஒரு கைப்பிடிக்கும் குறைவு. அடுப்பை அணைத்து, 80 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கின பிறகு ஒரு பங்கைப் போட்டு இருபது நிமிடம் ஊறவிடுவார். நொதிப்பு அடங்கும் நேரத்தில் பெரும் பங்கை அப்படியே காய்ச்சாமல் உள்ளே போட்டு மூன்று நாள் வைப்பார். அதற்கு மேல் விட்டால் பச்சிலை நெடி வந்துவிடுமாம். அவர் எல்லாவற்றையும் விடப் பயப்படுவது காற்றுக்கு. மூடியைத் திறந்து திறந்து பார்த்தாலோ, போத்தலில் சளசளவென்று ஊற்றினாலோ, இரண்டு கிழமையில் பழ வாசம் செத்து நனைந்த கடதாசி மட்டை மணக்கும், நிறமும் மண்ணிறமாகும்.

அம்மா இதைக் கிணற்றடியில் நடலாமோ என்று கேட்டா. கோடையில் நீண்ட பகலும் மாரியில் நல்ல குளிரும் இல்லாமல் அது ஒழுங்காய்ப் பூக்காது. நாங்கள் இருப்பது பூமத்திய ரேகைக்குக் கிட்ட, 8½ பாகை அகலாங்கில்.

ஜூன் 11

அவசரப்பட்டேன். கொதித்த தண்ணீர் இரண்டு லீற்றரை 20 கிராம் ஹொப்பின் மேல் ஊற்றி அரை மணித்தியாலம் மூடிவைத்தேன். வீடு முழுக்க அப்படி ஒரு வாசம், பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்த்து என்ன பழம் என்று கேட்டா. வடித்துக் குடித்தால் அடிநாக்கில் வேப்பங்கொழுந்து. வீடு மணந்த அவ்வளவும் தண்ணீரை விட்டுப் போன வாசம். எனக்கு அழுகை வராத குறை.

அம்மாதான் ஒரு மிடறு குடித்துவிட்டு, “மல்லித்தண்ணி மாதிரிக் கிடக்கு. மல்லியையும் கனக்க அவிச்சா வாசம் நிக்காது,” என்றா. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மல்லி விதையின் முக்கியமான வாசப்பொருள் லினலூல், ஹொப்பிலும் அது இருக்கிறது. ஹொப் எண்ணெயில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாது, லினலூல் ஓரளவு கரையும். பியரில் மதுசாரமும் ஈஸ்டும் கைகொடுக்கின்றன. என் தண்ணீருக்கு அந்தத் துணை இல்லை, ஆகவே கலக்ஸி பியரின் முழு வாசத்தை நான் எதிர்பார்க்கக் கூடாது. அம்மா மூக்கால் கண்டுபிடித்ததை நான் வேதியியலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 13

தண்ணீரைக் கொதிக்கவைத்து 70 பாகைக்கு ஆறவிட்டேன். முதலில் தேசிக்காய்ப் புளி. புளிப்புத் தண்ணீரில் கசப்பு குறைவாகத்தான் இறங்கும். பிறகு லீற்றருக்கு 10 கிராம், பத்தே நிமிடம். உடனே மீன்காரரிடம் வாங்கின ஐஸ் நிரப்பின ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் பாத்திரத்தை இறக்கினேன். பரவாயில்லை. வாசம் இருக்கிறது, ஆனால் மெலிவு.

ஜூன் 19

அவர்கள் போய்விட்டார்கள். கோணேசர் கோயில், கன்னியா, நிலாவெளி என்று அலைந்ததில் ஒன்றும் செய்யவில்லை. அத்தான் தன் வெப்பமானியை விட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 6

என் பிழை. திறந்த பொதியை ரப்பர் பாண்ட் போட்டு பிரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன், இடையில் கரண்டும் இரண்டு தரம் நின்றது. இன்று புதுப் பொதியைப் பிரித்து, இடக்கையில் பழையது, வலக்கையில் புதியது என்று நசுக்கிப் பார்த்தேன். இடக்கையில் வைக்கோல், அதற்குள் மெல்லிய சீஸ் நெடி. வலக்கையில் அதே கொடித்தோடை. புதியதை அப்போதே பத்துப் பத்துக் கிராமாகப் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, உறைவிப்பானில் போட்டேன்.

ஜூலை 8

அம்மா பழைய சக்கையைச் செவ்வரத்தை அடியில் கொட்டியிருந்தா. ஓடிப்போய்த் தோண்டி ஆழமாகப் புதைத்தேன். நாய் ஹொப் தின்றால் உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். எங்கள் மணி எதையும் நக்கிப் பார்ப்பவன். வீட்டில் நாய் இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

ஜூலை 12

இம்முறை அடுப்புச் சூடே இல்லை. கொதித்து முழுக்க ஆறி, பிரிட்ஜில் குளிர்ந்த ஒரு லீற்றர் தண்ணீர், தேசிப்புளி, ஒரு பத்துக் கிராம் பொதி. போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூடி, ஓர் இரவும் ஒரு பகலும். குறுணிகள் உடைந்து பச்சைச் சேறாகி அடியில் படிந்தன, மேலே இளநீர் நிறம். கலக்காமல், வெள்ளைத் துணியில் மெல்ல வடித்தேன். மதுசாரம் இல்லாததால் மூன்று நாளுக்குள் குடித்து முடிக்கவேணும்.

பின்னேரம் காற்றுத் தணிந்த பிறகு, பாதிக் கிளாசுக்கு இது, பாதிக்குக் குளிர் சோடா, கிளாசைச் சரித்துப் பிடித்து ஓரமாக ஊற்றினேன். ஐஸ் போடவில்லை, அதிகம் குளிர்ந்தால் மூக்குக்கு எட்டாது. குமிழி உடையும்போதெல்லாம் கொடித்தோடை. பின்னால் தோடம்பழத் தோல். கசப்பு நாக்கின் ஓரத்தில் கொஞ்சம்தான்.

அம்மா குடிக்காமல் கிளாசை மூக்கருகே வைத்தபடி கனநேரம் இருந்தா. பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினா.

“இன்னும் கிடக்கோ?”

உறைவிப்பானில் ஒன்பது பொதி.