மாஸ்டர் கிண்டச் சொன்ன வேர்

எங்கள் விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால் நின்ற முருங்கை ஒரு கார்த்திகைக் காற்றில் வேலிமேல் சாய்ந்துவிட்டது. காலையில் நாங்கள் போனபோது தாவரவியல் மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் அடியில் நின்றார்.

"ஆணிவேரைக் கண்டுபிடியுங்கோ பாப்பம்."

செம்மண்ணைக் கிண்டினோம், கிண்டினோம். பக்கவேர்கள்தான் வந்தன.

"எப்பிடி இருக்கும்? தடி வெட்டி நட்டதல்லோ!"

விதையின் முளைவேர் நேரே கீழிறங்கித் தடித்தால்தான் ஆணிவேர். பக்கத்தில் விதை விழுந்து தானாக முளைத்திருந்த கன்றொன்றைப் பிடுங்கிக் காட்டினார். சாண் உயரக் கன்றுக்கு அடியில் வெள்ளைக் கிழங்கு போல விரல் பருமனில் ஒரு வேர். கீறினால் கடுகு நெடி. இதைத் துருவித்தான் வெள்ளைக்காரர் இறைச்சிக்குத் தொட்டுக்கொண்டார்களாம்.

அடுத்தது கௌபிப் பயறு. ஈர ஒற்றுத்தாளில் முளைத்த வேரில் மில்லிமீற்றருக்கு ஒன்றாக 10 மைக்கோடுகள் போட்டோம். என் கோடுகள் ஊறி ஒரே கறுப்பு. பக்கத்து வாங்குக்காரனுடையதைப் பார்த்துத்தான் வரைந்தேன், இனிச் சொல்லலாம். இரண்டு நாளில் நுனிப்பக்கக் கோடுகள் மட்டும் விலகியிருந்தன. மேலே இருந்தவை அசையவேயில்லை. மேற்பகுதியும் நீண்டால் வேர்மயிர்கள் மண்ணில் உரசி அறுந்துபோகும் என்றார் மாஸ்டர். மண்ணைத் துளைக்கும் நுனிக்கோ வேர்மூடி இருக்கிறது.

கரட்டையும் அவர்தான் வெட்டிக் காட்டினார். நடுவில் வெளிறித் தெரிவது காழ், தண்ணீர் ஏறும் வழி. சுற்றியுள்ள சதை உரியம். இலை சமைத்த சீனி வந்து தங்கும் இடம். நெடுக்காகப் பிளந்தால் பக்கவேர்கள் நடுவிலிருந்து கிளம்பிச் சதையைத் துளைத்து வெளியே வருவது தெரியும். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் சூப்புக்குக் கரட் வெட்டும்போது இன்றும் ஒரு துண்டைப் பிளந்து பார்ப்பேன். மனைவி சிரிப்பாள்.

பனங்கொட்டை புதைத்த பனம்பாத்தியைக் கிண்டிக் கிழங்கு எடுக்கும் காலம் வந்தது. "மாஸ்டர், பனங்கிழங்கும் ஆணிவேர்தானே?" என்று ஒருவன் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை, அவித்த கிழங்கு கொண்டுவரச் சொன்னார். மறுநாள் அதைப் பிளந்து, உள்ளிருந்த பீலியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது குருத்து. வேருக்குள்ள குருத்து இருக்குமோ?"

கிழங்காகப் பருத்தது இலையின் அடி. பனை ஒருவித்திலைத் தாவரம், வளர்ந்த மரத்துக்கும் நார்வேர்தான். கிழங்கின் தும்பை இழுத்தெறிந்துவிட்டு, கேள்வி கேட்டவனிடம் பாதியைக் கொடுத்தார். மற்றப் பாதி மேசையைத் தாண்டவில்லை.