எல்லாருக்கும் பதில் தெரிந்த அறையில்

ஆபீஸில் ஆக்‌ஷன் லேர்னிங் குழுக்களை நடத்தப் பழகிக்கொண்டிருக்கிறேன். முறை கேட்க எளிது: ஐந்திலிருந்து எட்டுப் பேர் வரை உட்கார்வார்கள், ஒருவர் தன் வேலையில் நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலைச் சொல்வார், மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பார்கள், கடைசியில் அடுத்த சந்திப்புக்குள் என்ன செய்யப்போகிறேன் என்பதை அவரே சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நம் ஆபீஸ்களில் ஒருவர் "ஒரு பிரச்சினை" என்று வாயைத் திறந்த உடனே சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தீர்வு தெரிந்துவிடும். அதை வெளியே வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையில் பாதி.

தடுத்தால் அந்த யோசனை கேள்வி வேஷம் போட்டு வரும். "நீங்க ஏன் மேனேஜர்கிட்ட நேரா பேசக் கூடாது?", "ஒரு எக்ஸெல் ஷீட் போட்டா சரியாயிடாதா?" கடைசியில் கேள்விக்குறி இருக்கிறது, ஆனால் கேட்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுமில்லை. அங்கே நிறுத்தி, "இதில் உங்களுக்குத் தெரியாதது எது? அதைக் கேளுங்க" என்பேன். உடனே அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியை நான் பேசி நிரப்பாமல் இருக்கப் பழகுவதுதான் இருப்பதிலேயே கஷ்டம், ஏனென்றால் எனக்கும்தான் ஒரு யோசனை நாக்கு நுனியில் நிற்கும். பொறுத்தால் யாராவது "இதை இப்படியே விட்டா யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பார், சிக்கலைச் சொன்னவர் பதில் சொல்லத் தொடங்கி நடுவிலேயே நின்றுவிடுவார். அப்படி அவர் நிற்கும் இடத்துக்காகத்தான் இவ்வளவும்.

முறையை உருவாக்கிய ரெஜ் ரேவன்ஸ், கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்த இயற்பியல்காரர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நீளம் தாண்டியவரும் அவர்தான்! 1940களில் பிரிட்டன் நிலக்கரித் துறையின் பயிற்சிப் பொறுப்பில் இருந்தபோது, சுரங்க மேலாளர்களை நிபுணர்களின் வகுப்பில் உட்கார வைப்பதைவிட ஒருவர் சிக்கலை மற்றவர்கள் கேட்டுக் குடைவதே பலன் தரும் என்று வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், என்னைப் போல குழுவை நடத்துகிறேன் என்று வருபவர்கள் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தொடங்கி வைக்க ஒருவர் போதும், அப்புறம் குழு தானே நடந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. பின்னால் இதே முறையைக் கையிலெடுத்த அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் மார்க்வார்ட் இதற்கு நேரெதிர்: கேள்விக்குப் பதிலாக மட்டுமே கருத்துச் சொல்லலாம், நடத்துபவர் எப்போது வேண்டுமானாலும் குறுக்கிடலாம் என்று விதியே வைத்தார். இப்போதைக்கு நான் மார்க்வார்ட் பக்கம். விதி இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் பத்து நிமிடத்தில் அதை ரிவியூ மீட்டிங் ஆக்கிவிடுவார்கள்.

எந்தச் சிக்கலை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சாஃப்ட்வேர் ஓடவில்லை என்றால் தெரிந்தவரைக் கூப்பிட்டால் போதும், அதற்குக் குழு எதற்கு? புதிதாக டீம் லீடர் ஆனவர், நேற்றுவரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்களிடம் எப்படி வேலை வாங்குவது என்று தவிக்கிறாரா, அது சரியான சரக்கு. அதைவிட முக்கியம், அவருடைய மேலதிகாரி அதே வட்டத்தில் இருக்கக் கூடாது. "சார்" ஒருவர் இருந்தால் எல்லாக் கேள்வியும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரும். அங்கே பேசியது வெளியே போகாது என்ற உறுதியும் அவர் இருந்தால் செல்லாது.

அடுத்த சந்திப்பில் முதல் வேலை, போன தடவை சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்பது. பலர் செய்திருக்க மாட்டார்கள். வேலை ஜாஸ்தி, டெட்லைன், லீவு என்பார்கள். திட்டவும் கூடாது, "பரவாயில்லை" என்று தட்டிக்கொடுத்து அனுப்பவும் கூடாது. "செய்யலாம்னு உட்கார்ந்தப்போ எந்த இடத்துல நின்னுச்சு?" என்று கேட்டால், போன தடவை சொன்ன பிரச்சினையைத் தள்ளிவிட்டு வேறொன்று மேலே வரும். அன்றைக்கு அதையே எடுத்துக்கொள்கிறோம்.