படிவத்தில் சுவைக்கு இடமில்லை

மரக் கணக்கெடுப்பு வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது டேப் பிடிக்கத்தான். சிங்கப்பூரில் காலி நிலத்தில் நிற்கும் மரத்தின் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிவிட்டால், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அதனால் கட்டடம் வரப்போகும் இடத்துக்கு எங்களை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். இனம், சுற்றளவு, உயரம், மரத்தின் நிலை, பரிந்துரை. படிவத்தில் அவ்வளவுதான்.

சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்கு இது போதும். பழமரத்துக்குப் போதாது என்பது என் கட்சி.

தீவின் வடக்கே பழைய கம்பங்கள் (கிராமக் குடியிருப்புகள்) இருந்த நிலங்களில் வீடுகள் போய்ப் பல காலமாகிவிட்டது. அங்கே குடியிருந்தவர்கள் நட்ட மரங்கள் மட்டும் நிற்கின்றன. மேலே ஆல்பீசியா மரங்கள் வளர்ந்து மூடியிருக்கும், கீழே போனால் ரம்புத்தான், பலாவுக்கு உறவான செம்படாக், டுரியான். மரங்கள் வரிசையாக நின்றால் தோட்டம், சிதறி நின்றால் வீட்டுக் கொல்லை. நான் கணிப்பது இப்படித்தான்.

அப்படி ஒரு நிலத்தில், டுரியான் உதிரும் ஜூலை மாதம், பையும் கையுமாக ஒரு பெரியவரைப் பார்த்தேன். சின்ன வயதில் அங்கேயே வளர்ந்தவராம். “இது கசப்பு மரம் தம்பி, எங்கப்பாவுக்கு இதுதான் வேணும். அந்தா நிக்குது பாரு, அது நல்லா இனிக்கும், ஆனா கொட்டை பெருசு” என்றார். மரத்துக்கு மரம் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. என் படிவத்தில் இரண்டும் ‘டுரியோ சைபெதினஸ்’ என்ற ஒரே தாவரப் பெயர், இரண்டும் ‘அகற்றலாம்’.

அவர் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. டுரியான் பூ இரவில் விரியும்; தேன் குடிக்க வரும் வௌவால்கள் மகரந்தத்தை மரம் விட்டு மரம் கொண்டுபோகும். அதனால் கொட்டையிலிருந்து வளரும் ஒவ்வொரு மரமும் தனி ரகம். கடையில் நாம் கேட்டு வாங்கும் டி24 (மலேசியாவில் 1937இல் பதிவானது), 1993இல் டி197 என்று பதிவான முசாங் கிங் போன்ற டுரியான் ரகங்கள் எல்லாம் ஒட்டுக்கட்டிப் பெருக்கியவை. மலேசியாவில் சில தோட்டங்களில் பழைய நாட்டு மரத்தின் தலையை வெட்டி முசாங் கிங்கை ஒட்டிவிடுகிறார்கள். விலை அப்படி, அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆப்பிளும் இதே சாதிதான். விதை போட்டால் தாய் மரத்தின் பழம் வராது. இங்கிலாந்தில் சமையலுக்கு வாங்கும் பிராம்லி ஆப்பிளின் மூல மரம் சவுத்வெல் என்ற ஊரில், 1809இல் ஒரு சிறுமி போட்ட விதையில் முளைத்தது. 1900இல் புயலில் சாய்ந்தும் மறுபடி துளிர்த்தது. பிறகு வேரைத் தின்னும் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆனாலும் பிராம்லி அழியாது. நாற்றங்கால்காரர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே கிளை வாங்கி ஒட்டுக்கட்டி விற்கத் தொடங்கிவிட்டார். கென்ட் வட்டாரத்தின் பிராக்டேலில் 2,000க்கும் மேற்பட்ட ஆப்பிள் ரகங்களை உயிருள்ள மரங்களாகவே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். மரத்தைக் காப்பது வேறு, ரகத்தைக் காப்பது வேறு என்பது அவர்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது.

நமக்குச் சிக்கல் இன்னும் கூடுதல். ஆப்பிள் விதையையாவது காயவைத்துக் குளிரில் சேமிக்கலாம். டுரியான் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். ரம்புத்தானும் செம்படாக்கும் அப்படியே. (மங்குஸ்தான் விதையும் காயக்கூடாது, ஆனால் அது மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால் அநேகமாகத் தாயைப் போலவே வரும். அதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை.) ஆக, வெட்டுவதற்குமுன் கிளை எடுத்தால்தான் உண்டு.

சொல்வது சுலபம். வயதான மரத்தில் ஒட்டுக்கு ஏற்ற இளங்கொம்பு உச்சியில்தான் இருக்கும், ஏற்றுவண்டி இல்லாமல் எட்டாது. எங்கள் குழுவில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் ஊரில் மாங்கன்று ஒட்டியவர். “அண்ணே, வெயில்ல வெச்சா அரை மணியில வாடிடும்” என்று ஈரத் துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார். பென்சில் தடிமன் நாற்றில் பிளந்து செருகி, பிளாஸ்டிக் நாடா சுற்றி, மேலே பை மூடி நிழலில் வைப்போம். சில பிடித்தன, பல கருகின. பிடித்ததை நட எங்கே இடம்? டுரியான் பெரிதாக வளர்ந்து, முள்காயைத் தலைமேல் போடுகிற மரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்கு அடியில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள், அது நியாயமும்கூட. இப்போதைக்குத் தெரிந்தவர்களின் வாடகைப் பண்ணை ஓரத்தில் நிற்கின்றன. குத்தகை முடிந்தால் அவையும் நகர வேண்டும்.

சிறப்பான முதிர்ந்த மரங்களைக் காக்க 2001இலிருந்து மரபுடைமை மரத் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் கொல்லையில் நின்ற ஒரு கசப்பு டுரியான் அதில் இடம்பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்புறம், மேலாளரிடம் படிவத்தில் சுவைக்கு ஒரு கட்டம் கேட்டுப் பார்த்தேன். “டெண்டருக்கு இது எதுக்குப்பா?” என்றார். சரி என்று, குறிப்புகள் என்ற கட்டத்திலேயே எழுத ஆரம்பித்தேன்: கசப்பு, கொட்டை சிறியது, ஜூலையில் உதிரும், கிளை எடுக்கப்பட்டது. இதுவரை யாரும் அழிக்கச் சொல்லவில்லை.