ஆறாவது கிழமையில் அந்தப் பிள்ளை எங்கே?

கொழும்பில் ஒரு தனியார் கம்பஸின் அட்மிஷன் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். கார்டில் மாணவர் ஆலோசகர் என்று இருக்கும், உள்ளே கவுன்சிலர் என்பார்கள், பிள்ளைகளுக்கு மிஸ். ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை ரிசல்ட்ஸ் வந்த அன்றிலிருந்து போன்தான். பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துப் பெயரும் நம்பரும் போட்டவர்களை ஒவ்வொருவராக எடுத்துக் கதைக்க வேண்டும், அம்மா அப்பாவோடு ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கூப்பிட வேண்டும், வந்தவர்களைப் பதிவுக் கட்டணம் கட்ட வைக்க வேண்டும். கட்டிவிட்டால் என் கணக்கில் ஒன்று ஏறும். மாதக் கடைசியில் மேலிடம் கேட்பது அந்தக் கணக்கைத்தான். கட்டிய பிள்ளை வகுப்புக்கு வந்ததா, இரண்டாம் செமஸ்டரில் இருக்கிறதா என்று பல வருடமாக என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தாள். விடிய முதலே பஸ் ஏறி வந்திருந்தார்கள். காசை ஒரு பார்மசி உறைக்குள் போட்டு, அதை சொப்பிங் பேக்கில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார் அவர். ஒவ்வொரு நோட்டாக விரலில் எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார். எண்ணி முடித்துவிட்டு, "வேற ஏதாச்சும் கட்ட வருங்களா மிஸ்?" என்று கேட்டார். "மாதத் தவணை மட்டும்தான் ஐயா, அதை ஆறுதலாகக் கட்டலாம்" என்றேன். பரீட்சைக் கட்டணம், பட்டம் கொடுக்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டிய பதிவுப் பணம், கடைசியில் பட்டமளிப்புக்குக் கட்டுவது, இதில் ஒன்றைக்கூட அன்றைக்கு நான் வாயெடுத்துச் சொல்லவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் இருந்தது, ஆங்கிலத்தில்.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த இன்டேக்குக்கு ஆள் சேர்க்கிற நேரத்தில், "உங்கட ஊரில வேற யாரும் படிக்க விருப்பமா இருக்கினமா?" என்று கேட்கத்தான் அவளுக்குப் போன் எடுத்தேன். "மிஸ், நான் இப்ப வீட்டுலதான் இருக்கேன். அஞ்சாவது கிழமையே வந்துட்டேன்" என்றாள்.

அன்றைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம். கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் நின்றிருக்கிறாள், போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். லெக்சர் முழுக்க ஆங்கிலம், ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு கிழமை பாதிதான் விளங்கியிருக்கிறது, ஆனால் அதற்காக அவள் போகவில்லை, இரவில் யூடியூப் பார்த்துச் சமாளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தவணை பிந்தியிருக்கிறது. எங்கள் சிஸ்டம் கட்ட வேண்டிய திகதி தாண்டிக் குறிப்பிட்ட நாள் போனதும் மாணவரின் இணையக் கணக்கைத் தானாகவே பூட்டிவிடும். கணக்குப் பூட்டினால் பாடக்குறிப்பு பார்க்க முடியாது, அசைன்மென்ட் ஏற்ற முடியாது. இவள் அசைன்மென்டை முடித்து லேப்டொப்பில் வைத்துக்கொண்டு, ஏற்ற வழியில்லாமல், கணக்குப் பிரிவு ஜன்னலில் போய் நின்றிருக்கிறாள். பின்னால் வரிசை. உள்ளே இருந்தவர் சிங்களத்தில் கட்டிவிட்டு வாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த நாள் கடைசித் திகதி போய்விட்டது, இனி பெயில்தான் என்று இவள் தானே முடிவு கட்டி, சித்தியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஹட்டன் பஸ் ஏறிவிட்டாள்.

தவணைக்கு அவகாசம் கேட்கிற படிவம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரு பக்கம். கையெழுத்து வைத்தால் கணக்கு அன்றைக்கே திறக்கும். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பிறகு நான் ஒரு கணக்குப் பார்த்தேன். அந்த இன்டேக்குக்கு விளம்பரம், கண்காட்சி ஸ்டோல், பேனர், பாடசாலைகளுக்குப் போய் வந்த வேன் செலவு எல்லாவற்றையும் கூட்டி, சேர்ந்த பிள்ளைகளின் தொகையால் வகுத்தேன். ஒரு பிள்ளையைக் கதவுக்குள் கொண்டுவர நாங்கள் செலவழித்தது அவள் கட்டாமல் விட்ட தவணையை விடக் கூட. அந்தத் தாளை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன்.

எங்கள் நாட்டில் பிள்ளைகளைச் சேர்க்கத் தனியார் கம்பஸ்களுக்குள் இருக்கிற இந்தப் போட்டி எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ.எல்.லில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்கள் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பது நாற்பதாயிரம் சொச்சம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்து, பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடிய மாதிரிச் சமப்படுத்திய இசட் ஸ்கோரை வைத்து எடுப்பார்கள். ஹட்டன் இருக்கிற நுவரெலியாவும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உண்டு. மிச்சப் பிள்ளைகளுக்காகத்தான் கொழும்பின் காலி வீதி நெடுக இத்தனை கம்பஸ் போர்டுகள். ரிசல்ட்ஸ் வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் (யுஜிசி) வெட்டுப்புள்ளி வருகிற வரைக்கும் மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால், பலர் பயத்தில் எங்களிடம் சேர்ந்துவிட்டு, பிறகு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் "கம்பஸ் கிடைச்சிட்டுது மிஸ்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அப்படிப் போகிறவர்களை நான் இழப்பில் சேர்ப்பதில்லை, சந்தோஷமாக அனுப்பிவைப்பேன். சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர்கள்தான் என் கவலை.

அரச பல்கலைக்கழகங்களுக்கும் இந்தக் கவலை இல்லாமல் இல்லை. அங்கே ஆள் சேர்க்கத் தேவையில்லை, ஆனால் வந்த பிள்ளை சீனியர்களின் பகிடிவதை (ராகிங்) தாங்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்புவது இன்னமும் நடக்கிறது. 1998லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. இத்தனை பெரிய போட்டியில் வென்று கிடைத்த இடத்தை ஒரு பிள்ளை பயத்தால் விட்டுவிட்டுப் போவதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடிவதில்லை.

அந்தப் பிள்ளைக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. 1970களில் பொஸ்டன் கொலேஜ் பணத்துக்குத் திண்டாடிய நேரத்தில், அங்கே பௌதிகவியல் படிப்பித்த ஜாக் மகுவயர் என்பவர் அனுமதிப் பிரிவைப் பொறுப்பெடுத்து, ஆள் சேர்ப்பது, நிதியுதவி கொடுப்பது, சேர்ந்தவர்களைத் தக்கவைப்பது எல்லாம் ஒரே வேலை, தனித்தனி அறைகளில் வைத்துச் செய்யக்கூடாது என்று எழுதினார். அதை வாசித்தபோது எங்கள் கட்டடம்தான் கண்ணுக்குள் வந்தது. நான் முதலாம் மாடி, கணக்குப் பிரிவு கீழே, லெக்சரர்கள் நாலாம் மாடி. மூன்று மாடிக்கும் நடுவில் அந்தப் பிள்ளை தொலைந்திருக்கிறாள்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சன்ட் டின்டோ 1975ல் எழுதியதும் மனதில் தைத்தது. மாணவர் படிப்பை விடுவதற்குக் கெட்டித்தனம் மட்டும் காரணம் இல்லை, படிப்போடும் அங்குள்ள மனிதர்களோடும் ஒட்டமுடியாமல் போவதுதான் பெரிய காரணம் என்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும். மன்னாரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் ஒரு அறையை மூன்று பேரோடு பங்குபோட்டு, பஸ்ஸில் சிங்களமும் வகுப்பில் ஆங்கிலமும் கேட்டுக்கொண்டு, பகல் முழுக்க வாய் திறக்காமல் அறைக்குத் திரும்புகிற பிள்ளைக்கு, தன் பெயரைத் தெரிந்த ஒருவர் அந்தக் கட்டடத்தில் இருந்தாலே போதும், ஒரு செமஸ்டர் தாண்டிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007ல் தன் சமூகக் கல்லூரிகளில் அசாப் என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைக்கென்று ஒரு ஆலோசகர், பாடப்புத்தகத்துக்கு உதவி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பயண அட்டை. மூன்று வருடத்துக்குள் படிப்பை முடித்தவர்கள் அந்தத் திட்டத்தில் 40 வீதம், சேராத அதே மாதிரிப் பிள்ளைகளில் 22 வீதம். பயண அட்டை! இரண்டு பஸ் மாறி வந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன். அட்லாண்டாவில் இருக்கிற ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சில நூறு டொலர் கட்டாததால் பெயர் வெட்டப்படுகிற மாணவர்களைத் தேடிப் பிடித்து, அந்தக் குறையைப் பல்கலைக்கழகமே நிரப்புகிற சிறு உதவித்தொகையை 2011ல் கொண்டுவந்தார்கள். அதே இடத்தில் 2016ல், சேரச் சம்மதித்துவிட்டு விடுமுறைக்குள் காணாமல் போகிறவர்களுக்காக, போனில் மெசேஜ் அனுப்பினால் எந்த நேரமும் பதில் சொல்கிற ஒரு தானியங்கி வசதியை வைத்தார்கள், காணாமல் போகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஜன்னலில் போய்க் கேட்க வெட்கப்படுகிற கேள்வியை இரவில் போனில் கேட்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பெரிய சொப்ட்வேர் எல்லாம் வாங்கவில்லை. நான் சேர்த்த பிள்ளைகளின் பெயரை ஒரு எக்செல் தாளில் போட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரவுப் பதிவோடு ஒத்துப்பார்க்கத் தொடங்கினேன். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராத பிள்ளைக்குத் திங்கட்கிழமை போன். ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் காய்ச்சல் என்றுதான் பதில் வரும். "எப்பிடி இருக்கிறீங்கள், எங்க தங்கியிருக்கிறீங்கள், சாப்பாடு எப்பிடி" என்று தமிழில் தொடங்கினால், ஐந்து நிமிடத்துக்குள் விஷயம் தானாக வரும். அறை மாற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் லேப்டொப் பழுது, அண்ணா வேலைக்குப் போகச் சொல்கிறார், குழு வேலைக்கு யாரும் சேர்க்கவில்லை. பாதிக்கு மேல் ஒரு போன் அழைப்பிலோ ஒரு படிவத்திலோ தீரக்கூடியவை. சிங்களப் பிள்ளைகளுக்கு என் பக்கத்து மேசையில் இருக்கிற சிங்களத் தங்கச்சி எடுப்பார், அங்கேயும் கதை இதேதான்.

அடுத்தது, முழுச் செலவுத் தாள். முதல் நாளிலிருந்து பட்டமளிப்பு வரைக்கும் எந்த மாதம் எவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அடித்து, பதிவுக் காசை வாங்க முதல் தாய் தகப்பன் கையில் கொடுக்கிறேன். மார்க்கெட்டிங் பக்கத்தில் இதற்கு நல்ல எதிர்ப்பு, தொகையைப் பார்த்தால் ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள் என்றார்கள். சிலர் போனார்கள்தான். ஆனால் 2022ல் ஒரு டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது, பிரித்தானியப் பவுணில் கட்ட வேண்டிய பகுதி இருக்கிறது என்றே தெரியாமல் இருந்த பெற்றோர் எங்கள் மேசையில் வந்து அழுததை நான் மறக்கவில்லை. முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். எழும்பிப் போகிறவர் முதல் நாளே போவது அவருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

சில பேரை நானே அனுப்பியும் விடுகிறேன். போன வருடம் ஒரு தம்பி, வீட்டில் ஒரே சம்பளம், அக்கவுண்டிங் படிக்க ஆசை. எங்கள் கட்டணம் அந்த வீட்டுக்குச் சரிவராது என்று கதைத்த பத்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது. அரச உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம், தனியார் நிறுவனத்தில்தான் படிக்க வேண்டுமென்றால் 2017லிருந்து அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் இருக்கிறது, எந்தெந்தப் பாடநெறிக்கு என்று முதலில் பாருங்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதம் என் கணக்கு ஒன்று குறைந்தது. அந்தத் தம்பி அனுப்பி இரண்டு பிள்ளைகள் இந்த வருடம் என்னைத் தேடி வந்தார்கள், இரண்டு பேரும் இன்னும் படிக்கிறார்கள்.

என் டார்கெட்டையும் மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் போன வருடம் ஒத்துக்கொண்டார்கள். பதிவுக் கட்டணம் கட்டிய அன்று என் கணக்கில் பாதிதான் ஏறும், ஆறாவது கிழமையிலும் பிள்ளை வகுப்பில் இருந்தால் மிச்சப் பாதி. இப்போது என் டீமில் எல்லோருக்கும் ஆறாவது கிழமை பிள்ளைகளின் முகம் தெரியும்.

இன்னும் சரிவராதது அந்தப் பூட்டுத்தான். கணக்கைப் பூட்ட முதல் யாராவது ஒருவர் பிள்ளையோடு கதைத்தே ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்குப் பிரிவு ஒரு இன்டேக்குக்கு மட்டும் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது. பூட்டு விழப்போகிற பெயர்களை மூன்று நாள் முன்கூட்டி எனக்கு அனுப்ப வேண்டும், நான் போன் எடுத்து அவகாசப் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது பட்டியல் இன்றைக்குப் பின்னேரம் வந்தது. பதினேழு பெயர். நாலு பேர் மலையகம். அதில் ஒரு தங்கச்சிக்கு எடுத்தேன், போன் ஓப். தகப்பனின் நம்பர் பதிவில் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் அவள் ஏதாவது சமாளித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் அதற்கு எடுக்கவில்லை. நாளைக்குக் காலையில் அவளுக்கு எட்டு மணிக்கு வகுப்பு. ஏழே முக்காலுக்கே கீழே வாசலில் போய் நிற்கப்போகிறேன், படிவம் பையில் இருக்கிறது.