மருத்துவம் படிப்பதா?

குறுவை அறுவடையின்போது அப்பாவைக் கண்ணாடிவிரியன் கடித்த இரவில், பயிற்சி மருத்துவர் ஒருவர் அவருடைய இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, மெதுவாகச் சாய்த்துப் பார்த்தார். அது உறையாமல் நீராக ஓடியதைக் கண்டதும் நஞ்சுமுறி மருந்தை ஏற்றத் தொடங்கினார். அந்தக் கையின் நிதானம்தான் என்னை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்ததால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு நான் உரியவள். ஆனால், நீட் தேர்வுக்கு இன்னோர் ஆண்டு வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். இடம் கிடைத்தாலும், நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடியும்வரை, மூன்று மா (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) வயலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு என்னால் தோள்கொடுக்க இயலாது. அம்மாவின் இந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் ஒருமுறை எழுதிப் பார்ப்பதென்று முடிவெடுத்துவிட்டேன். மே மாதம்வரை வயல் வேலைக்கு என்னை அழைப்பதில்லை என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார்.