கிணற்றைக் காட்டுவதா, விடுவதா?

"மனே, அந்தக் கிணத்த மட்டும் காட்டிப்போடாத. நாளைக்குத் தொல்பொருள் பலகை ஒண்ட நட்டாங்களெண்டா அம்மனும் இல்ல, வளவும் இல்ல."

தொல்பொருள் திணைக்கள ஆட்கள் வருவதற்கு முதல் நாள் பொழுதுபட எங்கள் வண்ணக்கர், அதாவது கோயிலை மேற்பார்க்கும் பெரியவர், என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது. அவருக்கு எண்பது வயது இருக்கும். கோயில் விஷயத்தில் அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. "பாப்பம் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். (வெளியூர்க்காரருக்கு ஒரு குறிப்பு: இங்கே பாதை என்றால் ரோடு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை.) கண்ணகி அம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் மூன்று றூட் வளவு சும்மா கிடந்தது. வைகாசிச் சடங்குக்கு வரும் சனம் வெயிலில் நின்று சாப்பிடுகிறதே என்று சுவிஸிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பினார்கள், ஒரு அன்னதான மண்டபத்துக்கு. நான் பரிபாலன சபையின் செயலாளர். கடிதம் எழுத வரும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி எனக்கு இல்லை.

கட்டட வரைபடத்தைக் கொடுக்கப் போனபோதுதான், கட்ட முதல் அந்த மண்ணில் பழைய பொருள் இருக்கிறதா, வேலை அதைக் கெடுக்குமா என்று பார்க்கும் ஒரு மதிப்பீடு இருப்பதே தெரிந்தது. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டினது. 1998இல் அதைத் திருத்தியபோது தொல்பொருள் தாக்க மதிப்பீட்டுக்கு இடம் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு வர்த்தமானியில் எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்று வந்தது. காணி 0.25 ஹெக்டேயருக்கு மேலே போனால் மதிப்பீடு இல்லாமல் வேலை தொடங்க முடியாது. நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 99 பேர்ச். எங்கள் மூன்று றூட் 120 பேர்ச். "காணியை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பிளானாக் குடுப்பம்" என்று சபையில் ஒருவர் யோசனை சொன்னார். மூளைதான். ஆனால் ஒரே கூரையை இரண்டு வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

பயம் சும்மா வந்ததல்ல, அதையும் சொல்ல வேண்டும். கிழக்கில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் வயிற்றைக் கலக்கும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தபோது, ஆரம்பப் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகு வண்ணக்கர் ஐயாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

ஆனால் எங்களை மாட்டிவிட்டது கிணறு அல்ல, எங்கள் அவசரம்.

அனுமதிக் கடிதம் வர முதலே கொந்தராத்துக்காரர் ஒரு சனிக்கிழமை மண் கிண்டும் இயந்திரமான பெக்கோவைக் கொண்டுவந்து வளவின் தெற்கு மூலையைக் கிண்டிவிட்டார். "அத்திவாரக் கோடு மட்டும்தான் இழுத்தேன்" என்றார். இடுப்பளவு ஆழத்தில் கோடா! வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு மண் குவியலைச் சுற்றி நின்றோம். அப்போது ஒரு பொடியன் உள்ளங்கையில் எதையோ வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். பச்சைக் களிம்பு பிடித்த சின்னச் செப்புக் காசு. புளி போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்டான். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பெரிய 'வி'. அதன் இரண்டு காலிலும் 'ஓ', 'சி' குறுக்காகக் கோத்திருந்தது. ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கிழக்கிந்தியக் கம்பனிக் காசு. 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்பு டவுனிலுள்ள புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்த அதே கம்பனி. டவுனில் இருந்த காசு வாவியைத் தாண்டி இங்கே எப்படி வந்தது? நெல்லுக்கா, மெழுகுக்கா, யார் மடியிலிருந்து விழுந்ததோ.

அந்தக் காசைக் கையில் வைத்திருந்த இரண்டு நாளும் எனக்கு நித்திரை இல்லை. சட்டத்தைத் தேடி வாசித்தேன். காணி யாருடையது என்றாலும், அதற்குள் புதிதாகக் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குத்தான் சொந்தம். பழைய பொருளைத் தேடிக் கிண்டுவதென்றால் சொந்தக் காணியிலும் அனுமதிப் பத்திரம் வேண்டும். புராதன சின்னம் என்பதற்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். 1795இலேயே வெள்ளைக்காரன் கைக்குப் போய்விட்ட இந்தக் கரையின் பழமையையும் கண்டியின் திகதியை வைத்துத்தான் அளக்க வேண்டுமாம். சரி, அது வேறு கதை. காசை மறைத்தால் கிணற்றையும் மறைக்க வேண்டும், கிண்டின குழியையும் மூட வேண்டும், பொடியனின் வாயையும் கட்ட வேண்டும். எனக்கு ஏலாது.

ஆரம்பப் பார்வைக்கு இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் சிங்களம்; கொஞ்சம் தமிழ் விளங்கும். கூட வந்த பிள்ளை தமிழ். காசையும் பெக்கோ கிண்டிய குழியையும் முதலில் காட்டினேன். பெரியவர் முகம் சுளித்தார், ஏசவில்லை. அப்புறம் வண்ணக்கர் ஐயாவைத் திரும்பிப் பார்க்காமல் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சடங்கின் கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்குத் தண்ணீர் அள்ளும் கிணறு அது. மேலே சீமெந்துக் கட்டு, என் அப்பா காலத்து வேலை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஏழெட்டு அடிக்குக் கீழே பழைய செங்கல் வரிசை தெரியும். அந்தப் பிள்ளை ஏணியில் இறங்கி ஒரு கல்லை நீளம், அகலம், தடிப்பு என்று அளந்து சொல்ல, பெரியவர் எழுதினார். இப்போது நாம் சூளையில் வாங்கும் கல்லைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. "எந்தக் காலம்?" என்று கேட்டேன். "ஐயா, அளவைத்தான் எழுதுவம். காலத்தை இப்பவே சொல்ல ஏலா" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஏதும் இல்லையென்றால் ஆரம்பப் பார்வையோடு காரியம் முடிந்திருக்கும். எங்களுக்கு முழு மதிப்பீடு விழுந்தது. செலவு கட்டுகிறவர் தலையில். வளவில் நான்கு சோதனைக் குழிகள் வெட்டினார்கள், பெக்கோவால் அல்ல, சாந்தகப்பையால். மண்ணை அரிதட்டில் அரித்து, ஓட்டுத் துண்டுகளைக் குழி வாரியாகப் பைகளில் போட்டு இலக்கம் எழுதினார்கள். அந்த வேலை நடந்த நாட்களில் ஊரிலுள்ள கிழடுகளை எல்லாம் கூட்டிவந்து பேசவைத்தேன். கோயில் எந்தப் பக்கம் இருந்து மாறியது, பழைய மடம் எங்கே இருந்தது, கல் தூண் இரண்டும் எப்போது விழுந்தன. இதை நாங்கள் சொல்லாவிட்டால் அறிக்கையில் வராது. வந்தவர்கள் மண்ணைத்தான் வாசிப்பார்கள். கண்ணகிக்கு அங்கே தண்ணீர் அள்ளுகிறோம் என்பதை மண் சொல்லுமா? வண்ணக்கர் ஐயா நான்கு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் தானாகவே வந்து, மடத்தின் வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று கைத்தடியால் கீறிக் காட்டினார். மறுகா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து அந்தப் பிள்ளைக்கும் நீட்டினார்.

இடையில் கடிதப் போக்குவரத்து என்று மாதக்கணக்கில் போனது. ஒன்று தனிச் சிங்களத்தில் வந்தது, எந்த மேசையிலிருந்து என்பதை விடுவோம். அதை வாசிப்பிக்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். ஒரு வைகாசி வெயிலிலேயே கழிந்தது.

கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதம் வந்தது. மண்டபத்தைக் கிணற்றிலிருந்து விலக்கி வடக்கே தள்ள வேண்டும். மலசலகூடக் குழி கிணற்றுப் பக்கம் வரக்கூடாது. அத்திவாரம் வெட்டும்போது அவர்களுடைய ஆள் ஒருவர் கூட நிற்பார். ஏதும் கிளம்பினால் அந்த இடத்தில் வேலை நிற்கும். கல்லடியில் 2013இல் புதுப் பாலம் திறந்தபோது பழைய இரும்புப் பாலத்தை உடைக்காமல் பக்கத்தில்தானே விட்டிருக்கிறார்கள், அதுபோல என்று சபையில் விளங்கப்படுத்தினேன். வரைபடத்தைத் திரும்பக் கீறியதில் சமையலறை சின்னதாகிவிட்டது. சமையல்காரர் இன்றைக்கும் என்னை ஏசுவார்.

பலகை இதுவரை யாரும் நடவில்லை. இனியும் நடமாட்டார்கள் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கிணறு, அதன் கல் அளவு, படம், அது யாருடைய சடங்குக்கு உரியது என்பது எல்லாம் அறிக்கையில் இருக்கிறது. அதன் பிரதி ஒன்று எங்களிடமும் இருக்கிறது.

காசை அவர்கள் கொண்டுபோனபோது ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தந்தார்கள். "எப்ப திருப்பித் தருவாங்க?" என்று வண்ணக்கர் ஐயா கேட்டார். தரமாட்டார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தத் துண்டத் தா" என்றார். அது இப்போது கோயில் ஏட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. திறப்பு அவர் இடுப்பில்.