ஐடிலில் எகிறும் பழைய டிரையல்ஸ் வண்டி

த்ராட்டிலை மூடிய பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் நின்றால் உடனே ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் திருகு) மாற்றக் கிளம்பாதீர்கள். பல்டாகோ ஷெர்பா டி என்ற ஸ்பானிய டிரையல்ஸ் (கரடுமுரடான தடைகளைத் தாண்டும் போட்டி) பைக் போன்ற பழைய டூ ஸ்ட்ரோக்குகளில் எங்கோ காற்று உள்ளே புகுகிறது என்பதற்கான முதல் அடையாளம் இது.

எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் கார்ப் கிளீனர் அடியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். அமல் கான்சென்ட்ரிக் வகை கார்புரேட்டரில் நட்டை அளவுக்கு மீறி முடுக்குவதால் ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு பொருந்தும் தட்டை விளிம்பு) வளைந்துவிடும். கண்ணாடிமேல் எமரி தாளை வைத்து அதில் ஃபிளாஞ்சைத் தேய்த்துச் சமன் செய்யலாம். பைலட் ஏர் ஸ்க்ரூவை (ஐடில் கலவையின் காற்றைச் சரிசெய்யும் திருகு) முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள்.

அங்கே கசிவு இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம். வண்டி நெடுநாள் நின்றாலே அதன் ரப்பர் இறுகிவிடும். மேக்னெட்டோ பக்க சீல் போனால் காற்று புகுந்து கலவை மெலியும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு ஆபத்தானது. கிளட்ச் பக்கம் போனால் எஞ்சின் கிளட்ச் அறையின் ஆயிலை உறிஞ்சும்: வெள்ளைப் புகை கிளம்பும், ஆயில் அளவு குறையும். எப்போதும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மேக்னெட்டோ பக்க சீலை எட்ட ஃபிளைவீலைக் கழற்ற, அதற்கான புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) கட்டாயம். சுத்தியல் பட்டால் கிராங்க் கோணிவிடும்.

கடைசியாக இரண்டு அளவுகள்: இக்னிஷன் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. பெட்ரோலும் ஆயிலும் 40:1 கலவைக்கு 5 லிட்டர் பெட்ரோலில் 125 மி.லி. ஆயில்.